பதினான்கு வீட்டுத் தண்ணீர்

ஜப்பானிய மலையூரான ஹினோதானியில் ரிட்சுவை விருந்துக்கு அழைப்பவர்கள் ஒரு நிபந்தனையோடுதான் அழைப்பார்கள்: சாப்பிட்டு முடிக்கும்வரை தொட்டியைப் பற்றிப் பேசக்கூடாது. ரிட்சுவும் சரி சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் வந்து உட்காருவாள். மீன் வறுவல் தட்டில் இறங்கியதும் அவள் கண் வாணலிப் பக்கம் போகும். "மிச்ச எண்ணெயை என்ன பண்ணப் போறே?" என்று வாய் கேட்டுவிடும். அவ்வளவுதான், விருந்து கெட்டது. பழைய செய்தித்தாளில் ஊற வைத்துக் குப்பையில்தான் போடுவேன் என்று வீட்டுக்காரி சத்தியம் செய்த பிறகே அடுத்த வாய் சோறு உள்ளே இறங்கும்.

மலைச்சரிவில் மொத்தமே பதினான்கு வீடுகள். பதினான்கு வீட்டுச் சமையலறை, குளியலறை, கழிப்பறை எல்லாத் தண்ணீரும் குழாய் வழியே வந்து சேரும் பொதுத்தொட்டி, ஊரின் கீழ்க்கோடியில் மூங்கில் புதரை ஒட்டி மண்ணுக்கடியில் இருக்கிறது. வெளியே தெரிவது ஆறு இரும்பு மூடிகளும் காற்றடிக்கும் மோட்டாருக்கான சின்னக் கொட்டகையும் மட்டுமே. அந்தத் தொட்டிக்கு ரிட்சுதான் டாக்டர், ஆயா, காவல்காரி எல்லாம். தினமும் விடிந்ததும் மூடியைத் திறந்து, குனிந்து, மூக்கால் ஒரு இழுப்பு இழுப்பாள். மழைக்குப் பிந்தைய மண்வாசனை வந்தால் முகம் மலரும். வேறு வாசனை வந்தால் அன்றைக்கு ஊரில் யாருக்கும் நிம்மதி கிடையாது.

"உள்ளே கோடிக்கணக்குல வேலையாட்கள் இருக்காங்க. ஒருத்தன் லீவு கேக்கறதில்லை, ஒருத்தன் சம்பளம் கேக்கறதில்லை. காத்து குடு, கண்டதைக் கொட்டாதே. அவ்வளவுதான் அவங்க கேக்கறது" என்பாள். அந்த வேலையாட்களைக் கண்ணால் பார்க்கவென்றே பழைய நுண்நோக்கி ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள். ஒரு சொட்டுத் தண்ணீரைக் கண்ணாடித் துண்டில் விட்டுப் பார்த்தால், மணி வடிவத்தில் காம்போடு ஆடுகிற குட்டி உயிர்கள் தெரியும். அவை ஆடினால் தொட்டி நலம். ஊருக்கு வருகிற தபால்காரரைக்கூட அவள் விடமாட்டாள், இழுத்துவந்து காட்டுவாள்.

இத்தனைக்கும் அவள் இந்த மலைக்காரி இல்லை. கடலோரத்து மீன்கடைக்காரர் மகள். குனியோவைக் கட்டிக்கொண்டு வந்தபோது ஊரில் வீட்டுக்கு வீடு கழிப்பறைக் குழிதான். குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் நேராக ஓடைக்குத்தான் போகும். வெயில் காலத்தில் ஓடைப்பக்கம் போனால் குடலைப் புரட்டும். பன்னிரண்டு வருடம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாள், ஊர்க்கூட்டத்தில் தொண்டை கட்டக் கத்தினாள், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய்ப் பிடிவாதமாக நின்றாள். தொட்டி வந்தது. அதைப் பராமரிக்கச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். பரீட்சை எழுதினாள், இரண்டு தடவை கோட்டை விட்டாள், மூன்றாம் தடவை தேறினாள். அப்போது அவளுக்கு முப்பத்தேழு வயது. இப்போது ஐம்பத்தேழு.

இருபது வருடத்தில் அவளுக்கு வசப்படாத ஆள் ஒருவர்தான். யசோகிச்சி.

தொட்டியில் தெளிந்து வருகிற தண்ணீர் சின்னக் குளம் ஒன்றில் தங்கி, வாய்க்கால் வழியே யசோகிச்சியின் மூன்று படிக்கட்டு வயல்களை உரசிக்கொண்டு ஆற்றுக்குப் போகிறது. மற்றவர்கள் வயலெல்லாம் தொட்டிக்கு மேலே. ஆக, இந்தத் தண்ணீரைப் பயன்படுத்தக்கூடிய ஒரே மனிதர் அவர்தான். வாய்க்கால் வெட்டிய அன்றே அவர் தன் மடையில் பலகையை இறக்கி, மேலே களிமண்ணை அப்பி அடைத்துவிட்டார்.

"இந்தப் பீத்தண்ணி என் நெல்லுக்கு வேண்டாம்" என்றார்.

ரிட்சு விடுவாளா? "ஏன் யசோகிச்சி-சான், சின்ன வயசுல நீங்களே வாளியில சுமந்துட்டுப் போய் வயலுக்குப் போட்டவர்தானே? ஊருக்கே தெரியுமே!"

"போட்டேன். அது எங்க வீட்டுது. யாருதுன்னு எனக்குத் தெரியும். இது பதினாலு வீட்டுது. எவன் என்னத்தைத் தின்னானோ!"

வேடிக்கை என்னவென்றால் அந்தப் பதினான்கில் அவர் வீடும் ஒன்று. தொட்டிக்குக் கொடுப்பதில் கிழவருக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. வாங்குவதில்தான்.

அவருக்கு மலை ஊற்று ஒன்று இருந்தது, அந்தத் திமிர். ரிட்சுவுக்கோ, தினமும் தன் கையால் தெளிய வைத்த தண்ணீர் ஒரு நெல்லுக்கும் உதவாமல் ஆற்றுக்குப் போவதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரியும். வேறு எந்த ஆசையும் அவளுக்கு அவ்வளவு பெரிதாக இருந்ததில்லை. அந்த மடை ஒருநாள் திறக்க வேண்டும், அதுவும் கிழவரின் கையால் திறக்க வேண்டும்.

இந்த வருடம் ஜூலை முழுக்க வானம் வாயைத் திறக்கவில்லை. வழக்கமாக வரும் புயல்கூட வழிதவறிக் கொரியாப் பக்கம் போய்விட்டது. ஆகஸ்ட் முதல் திங்கட்கிழமை, தொட்டியின் கம்பிவேலிக்கு வெளியே யசோகிச்சி வந்து நின்றார். இருபது வருடத்தில் முதல் தடவை. ரிட்சு கையிலிருந்த மூடியைக் காலில் போட்டுக்கொள்ளப் பார்த்தாள்.

"ஊத்து நின்னுபோச்சு" என்றார் கிழவர், மூங்கிலைப் பார்த்தபடி.

"அய்யோ. எப்போ?"

"நாலு நாளாச்சு. கதிர் வெளிய வர்ற நேரம்." கீழே வயல் பக்கம் கையைக் காட்டினார். "வாய்க்காலைச் சுத்தம் பண்ண ஒரு நாள் ஆகும். புதன்கிழமை காலைல எட்டு மணிக்கு மடையைத் திறக்கறேன். உன் தண்ணி நாறிச்சுன்னா அப்புறம் ஜென்மத்துக்கும் பேச்சு கிடையாது."

"நாறாது."

"பார்ப்போம்."

அன்று மாலை ரிட்சு சிவப்புப் பயறு போட்டுச் சோறு வடித்தாள். நல்ல நாளுக்குத்தான் அந்தச் சோறு. குனியோ கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டான்.

"யசோகிச்சிக்கும் என் தொட்டிக்கும்" என்றாள்.

மறுநாள் செவ்வாய், ஊரில் தேயிலைப் பீப்பாய் திறக்கும் நாள். இந்த ஊர்த் தேயிலையின் பக்குவமே தனி. இலையை உருவி, வேகவைத்து, கசக்கி, வெந்த தண்ணீரோடு பெரிய மரப்பீப்பாயில் அடைத்து, மேலே பாறாங்கல்லை ஏற்றி மூன்று வாரம் புளிக்க விடுவார்கள். பிறகு ஊரே ஒரே காலையில் பீப்பாயைத் திறந்து, மூடிப்போன பள்ளிக்கூடத்து மைதானத்தில் பாய் விரித்து இலையைக் காயப்போடும். ரிட்சுவும் அன்று முழுக்க மைதானத்தில் முதுகு ஒடிய இலை கிளறிக்கொண்டிருந்தாள். இலை வெந்த தண்ணீர் பழுப்பும் புளிப்புமாகப் பீப்பாய்க்கு நூறு, நூற்றைம்பது லிட்டர் நிற்கும். காலங்காலமாக அதை ஓடையில்தான் கவிழ்ப்பார்கள். ஓடை இரண்டு நாள் பழுப்பாக ஓடும், மீன் வாயைப் பிளக்கும், யாரும் கண்டுகொள்வதில்லை.

புதன் விடிந்ததும் ரிட்சு மூடியைத் திறந்தாள். மூக்கில் ஊறுகாய்ப் பானையைக் கவிழ்த்த மாதிரி புளிப்பு ஏறியது. தண்ணீர் பழுப்பாக, மேலே அழுக்கு நுரையோடு நின்றது. நுண்நோக்கியில் ஒரு மணிகூட ஆடவில்லை. எல்லாம் சுருண்டு கிடந்தன. கோடி வேலையாட்களும் ஒரே ராத்திரியில் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

எந்தக் கடன்காரன் செய்த வேலை இது? தொட்டித் தண்ணீரை மொண்ட கண்ணாடிக் குழாயோடு ஊருக்குள் பாய்ந்தாள். முதலில் அகப்பட்டவள் பக்கத்து வீட்டுச் சயோ. வாசலில் உட்கார்ந்து இடுப்புக்கு மருந்துப்பட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"சயோ! நேத்து தேயிலைத் தண்ணியை எங்கே கொட்டினே?"

சயோவின் முகத்தில் பெருமை பொங்கியது. "ஓடையில ஒரு சொட்டு விடலை ரிட்சு-சான்! சமையக்கட்டுத் தொட்டி வழியா உன் தொட்டிக்கே அனுப்பிட்டேன். எத்தனை வாளி தெரியுமா? இருபத்திரெண்டு! இடுப்பு போச்சு. நீதானே சொன்னே?"

ஆமாம், ரிட்சுதான் சொன்னாள். ஏப்ரல் மாத ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, மேசையைத் தட்டிச் சொன்னாள்: இனிமேல் ஓடையில் ஒரு சொட்டு அழுக்கு விடக்கூடாது, எதுவாக இருந்தாலும் தொட்டிக்குத்தான் வரவேண்டும். எல்லோரும் தலையாட்டினார்கள். இருபது வருடமாகத் தலையை மட்டும் ஆட்டுகிற கூட்டம்தானே என்று அவளும் மறந்துபோனாள். பாவிகள், இந்த ஒரு தடவை பார்த்துச் சொன்ன பேச்சைக் கேட்டுத் தொலைத்தார்கள். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று போனாள். எல்லா இடத்திலும் அதே பெருமை, அதே இடுப்புவலி. கடைசியில் தன் வீட்டுக்கு வந்தால் குனியோ முழங்கையைத் தேய்த்துக்கொண்டே, "பதினெட்டு வாளி. உனக்குச் சொல்லாமலே செஞ்சு முடிச்சுட்டேன் பார்" என்றான்.

ரிட்சு அப்படியே படியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். மணி ஏழரை. குனியோ மென்று விழுங்கினான்.

"மோட்டார் ரிப்பேர்னு சொல்லிடேன். நாலு நாள் ஆகும்னு சொல்லு. கிழவர் கோபமெல்லாம் மோட்டார் மேல போயிடும்."

சொல்லலாம்தான். யாருக்குத் தெரியப்போகிறது? உண்மையைச் சொன்னால் கிழவர் சாகிறவரைக்கும் 'நான் அன்னைக்கே சொன்னேன்' என்பார். அந்த மடை அத்தோடு மூடினது மூடினதுதான். இருபது வருட ஆசை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் தினமும் விடியற்காலையில் தொட்டிக்கு முன்னால் குனிந்து, உள்ளதை உள்ளபடி நோட்டில் எழுதுகிற பழக்கம் அவளுக்கு. நல்ல நாளில் மட்டும் உண்மை எழுதினால் அது என்ன நோட்டு? எழுந்து கீழே ஓடினாள்.

யசோகிச்சி மடையின் பலகையைப் பாதி தூக்கியிருந்தார்.

"திறக்காதீங்க! யசோகிச்சி-சான், திறக்காதீங்க!"

மூச்சு வாங்க வந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். தேயிலைத் தண்ணீர், புளிப்பு, செத்துப்போன வேலையாட்கள். இந்தத் தண்ணீர் உள்ளே போனால் வேர் அழுகும் என்றாள்.

"யார் செஞ்ச வேலை?"

"ஊரே செஞ்சது. நான் சொல்லித்தான் செஞ்சாங்க. எல்லாத்தையும் தொட்டிக்கு விடுங்கன்னேன். தேயிலைத் தண்ணி மட்டும் கூடாதுன்னு சொல்ல எனக்குத் தோணலை. தோணியிருக்கணும். தப்பு என்னுது."

கிழவர் அவளையே பார்த்தார். "நீ வாயை மூடிட்டு இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"நெல்லுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"ம்." பலகையைத் திரும்ப இறக்கிக் காலால் மிதித்து அழுத்தினார். "நான் ஓடையிலதான் கொட்டினேன். இந்த ஊர்ல உன் பேச்சைக் கேக்காதவன் நான் ஒருத்தன்தான் போல."

"தொட்டி தேறப் பத்து நாள் ஆகும்" என்றாள் ரிட்சு.

"நெல்லு நாலு நாள் தாங்கும்" என்றார் அவர்.

அவள் அங்கே நிற்கவில்லை. பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து கழிவு உறிஞ்சும் லாரியை வரவழைத்தாள். புளித்த தண்ணீரை உறிஞ்சி எடுத்துக்கொண்டு போன லாரி, மறுநடையில் அந்த ஊர்த் தொட்டியின் உயிருள்ள சேற்றைக் கொண்டுவந்து ஊற்றியது. தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான். சுண்ணாம்பைத் தூவினாள், காற்று மோட்டாரை முழு வேகத்தில் விட்டாள். பிறகு மைதானத்தில் ஊரைக் கூட்டிப் புது உத்தரவு போட்டாள்: தொட்டிக்கு உடம்பு சரியில்லை, அது தேறுகிறவரை குளியல் தொட்டியின் அடைப்பானை யாரும் பிடுங்கக்கூடாது.

சயோவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஓடையிலயும் கூடாது, தொட்டியிலயும் கூடாதுன்னா, குளிச்ச தண்ணியை எங்கேதான் கொட்டறது? என் தலையிலயா?"

கூட்டம் சிரித்தது. ரிட்சு சிரிக்கவில்லை. அவள் கீழே வெடித்துக் கிடந்த மூன்று வயல்களைப் பார்த்தாள். இந்த ஊரில் யார் அழுக்கோடு குளியல் தொட்டிக்குள் இறங்குகிறார்கள்? வெளியே முக்காலியில் உட்கார்ந்து, சோப்புப் போட்டு, அலசி, உடம்பு பளிச்சென்று ஆன பிறகுதானே உள்ளே இறங்கி ஊறுகிறார்கள்? வீடே ஒருவர் பின் ஒருவராக இறங்கினாலும் அதில் நிற்பது வெறும் வெந்நீர். வீட்டுக்கு இருநூறு லிட்டர்.

"குளியல் வெந்நீர்ல வாசனைப் பொடி ஒருத்தரும் போடக்கூடாது" என்றாள். "காலைல ஆறினதும் மொண்டு பீப்பாயில ஊத்துங்க. வண்டியில ஏத்தி யசோகிச்சி வயலுக்குக் கொண்டு போறோம்."

"அவரா? அவர் விடுவாரா?"

"நான் கேக்கறேன்."

கேட்கத்தான் போனாள். கிழவர் மண்வெட்டியில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டிப் போட்டார். பிறகு, "ஊரே என் வயல்ல குளிக்கணுமாக்கும்" என்றார். அது சரி என்பதா கூடாது என்பதா என்று ரிட்சுவுக்கு விளங்கவில்லை. மறுநாள் காலை முதலாவது சிறு லாரி, காலியான தேயிலைப் பீப்பாய்களில் தண்ணீர் தளும்பத் தளும்ப இறங்கி வந்தபோது, அவர் வரப்பில் மண்வெட்டியோடு காத்திருந்தார். பீப்பாய்க்குள் கையை விட்டார், முகர்ந்தார்.

"இது யார் வீட்டுது?"

"எங்க வீட்டுது" என்றாள் சயோ.

"உன் புருஷன் கடைசியா இறங்கினானா? இன்னும் வெதுவெதுன்னு இருக்கு."

"அவர் ஒரு மணி நேரம் ஊறுவார், என்ன பண்றது!"

"சரி, விடு உள்ளே. அடுத்தது யாருது?"

இப்படியே ஒவ்வொரு பீப்பாயையும் கேட்டுக் கேட்டுத்தான் உள்ளே விட்டார். யார் வீட்டுது என்று தெரிந்துவிட்டால் போதும், மறுபேச்சு இல்லை. நாள் தவறாமல் பதினான்கு வீட்டு வெந்நீரும், அவர் வீட்டதும் சேர்த்துத்தான், மூன்று வயல்களுக்கும் இறங்கியது. வெடிப்பு மூடியது. மேல் வயலில் கதிர் தலை நீட்டிவிட்டது. ஆனால் இரண்டு கீழ் வயல்களுக்கும் போதவில்லை, ஓரங்களில் இலை சுருள ஆரம்பித்திருந்தது. பால் பிடிக்க ஓடுகிற தண்ணீர் வேண்டும். வானம் அப்போதும் வெளுத்தே கிடந்தது.

ரிட்சு தினமும் காலை சரியாக ஆறு மணிக்குக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை மொண்டு பார்ப்பாள். குழாயின் அடியில் ஒரு சிலுவைக் குறி இருக்கும். தண்ணீர் தெளிந்துவிட்டால் மேலிருந்து பார்க்கும்போது அது தெரிய வேண்டும். தெரியாது. உடனே வயலுக்கு இறங்கிப் போய், "யசோகிச்சி-சான், இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வருவாள். அவர் "ம்" என்பார். வியாழன், வெள்ளி, சனி என்று எட்டு நாள் இதே பேச்சு. ஒருநாள் லேசாகத் தூறியபோதும் குடையோடு போய், "இன்னைக்கும் வேண்டாம்" என்றாள். ஐந்து நிமிடத்தில் தூறலும் நின்றுவிட்டது. ஒவ்வொரு நாளும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவளுக்கு நாக்கு கூசியது. கீழ் வயலை ஏறிட்டுப் பார்க்காமலே திரும்பி வந்துவிடுவாள்.

ஒன்பதாம் நாள் மூடியைத் திறந்தபோது மண்வாசனை வந்தது. ரிட்சு நம்பவில்லை. குழாயில் மொண்டாள், சிலுவை தெரிந்தது. கொட்டிவிட்டு மறுபடி மொண்டாள், தெரிந்தது. நுண்நோக்கிக்கு ஓடினாள். ஒரு மணி ஆடியது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் கும்பலாக ஏழெட்டு. "வந்துட்டீங்களா! வாங்கடா, வாங்க வாங்க!" என்று தனியாகவே கத்தினாள். வேறு சொட்டு எடுத்துப் பார்த்தாள், அதிலும் ஆடின. குளத்துத் தண்ணீரையும் ஒரு குழாய் பார்த்தாள். இப்படிப் பார்த்துப் பார்த்து ஆசை தீராமல் நின்றதில் மணி ஏழு ஆனதே அவளுக்குத் தெரியவில்லை.

குழாயைக் கையில் ஏந்தியபடி கீழே ஓடினாள். வாய்க்கால் திரும்புகிற இடத்திலேயே அவளுக்குத் தண்ணீர்ச் சத்தம் வித்தியாசமாகக் கேட்டது. மடைப் பலகை வரப்பில் சாய்ந்து கிடந்தது. களிமண் கட்டிகள் பக்கத்தில் குவிந்திருந்தன. தொட்டித் தண்ணீர் நடு வயலை நனைத்து, கீழ் வயலுக்கு வழிந்துகொண்டிருந்தது. யசோகிச்சி கணுக்கால் அளவு சேற்றில் நின்று, கையால் தண்ணீருக்கு வழி விலக்கிக்கொண்டிருந்தார்.

ரிட்சுவுக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. "நான் சொல்றதுக்கு முன்னாடி யார் உங்களைத் திறக்கச் சொன்னது? தண்ணி கெட்டிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? மொத்த நெல்லும் போயிருக்குமே!"

கிழவர் நிமிரவில்லை. "எட்டு நாளா ஆறு மணிக்கு வந்து வேண்டாம்னு சொன்னே. இன்னைக்கு ஆறரை வரைக்கும் பார்த்தேன். நீ வரலை. திறந்துட்டேன்."

"எனக்கு வர்ற வழியில ஏதாவது ஆகியிருந்தா? கால் தடுக்கி விழுந்து செத்துக் கிடந்திருந்தா?"

யசோகிச்சி ஒரு கட்டி மண்ணை அள்ளி ஓரமாகப் போட்டார்.

"செத்திருந்தாலும், வேண்டாம்னு சொல்லிட்டுத்தான் செத்திருப்பே" என்றார்.

ரிட்சு வரப்பிலேயே உட்கார்ந்து, குழாயை மடியில் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதாள்.